அடியில் எழுதாத பெயர்

கண்ணாடிப் பொருளொன்று கைக்கு வந்தால் நாங்கள் முதலில் என்ன செய்வோம்? வெளிச்சத்தை நோக்கி உயர்த்திப் பார்ப்போம். என்னுடைய மருமகள் அப்படிச் செய்யவில்லை. அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

நேயர்களே, இது நடந்தது 2015ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில். சோளகக் காற்று ஒழுங்கையின் புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. நோர்வேயிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளையும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருந்தது ஒரு ஜாம் போத்தல். அதற்குள் கிடந்தவை, சிறு வயதில் நான் மாந்தையில் பொறுக்கிய கண்ணாடி மணிகள். மிளகளவும் இல்லாத சின்னஞ்சிறு மணிகள்; செங்கல் நிறத்தில் பல, மஞ்சளும் பச்சையும் கறுப்புமாகச் சில.

"மாமா, இதிலை பேர் ஒண்டும் இல்லையே. ஆர் செய்தது?"

நான் சிரித்துவிட்டேன். போத்தலின் அடியில் போத்தல் செய்த கொம்பனியின் எண் மாத்திரமே இருந்தது. அத்தான் சிரிக்கவில்லை. "அவள் கேட்டது சரிதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கம்பளிக் காலுறைகளுக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை எடுத்துவந்தார்.

அது தேங்காயளவான ஒரு கண்ணாடிக் கலம். தூக்கியதும் அதன் பாரம் தெரிந்தது. வெளியே நிறமற்ற தெளிந்த கண்ணாடி. உள்ளே பாசிக் கொடிகளுக்கிடையில் நாலைந்து மீன்கள். கலத்தைச் சற்றுத் திருப்பினால் மீன்கள் வளைந்தும் நீண்டும் ஓடுவனபோலத் தோன்றும். பூச்சு வேலையில்லை, ஒட்டு வேலையில்லை. கண்ணாடியின் சதைக்குள்ளேயே மீன் கிடந்தது. கவிழ்த்தால் அடியில் ஊசியாற் கீறியதுபோன்ற மெல்லிய எழுத்துக்கள். 'ஓரெபோர்ஸ்' என்ற தொழிற்சாலைப் பெயர், 'கிரால்' என்ற செய்முறைப் பெயர், ஓர் இலக்கம், இலக்கத்தின் பின்னால் ஆண்டைக் குறிக்கும் ஓரெழுத்து, கடைசியில் எட்வார்ட் ஹால்ட் என்ற கலைஞரின் பெயர். ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு பிறப்புச் சாட்சிப் பத்திரம்!

பாசி என்ற சொல்லுக்குத் தமிழிலே நீர்ப்பாசி என்றும் பொருளுண்டு, மணி என்றும் பொருளுண்டு. பாசிமணி என்று நாங்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் வழக்கம். அன்று எங்கள் விறாந்தை மேசையில் ஒரு பாசி கண்ணாடிக்குள்ளும், இன்னொரு பாசி போத்தலுக்குள்ளுமாக இருந்தன. ஒன்றுக்குப் பெயர் இருந்தது, மற்றதற்கு இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்கப் போய்த்தான் என்னுடைய பழைய பிழையொன்று எனக்கே தெரியவந்தது. அதைக் கடைசியிற் சொல்கிறேன்.

அத்தான் 1980களின் பிற்பகுதியில் நோர்வேக்குப் போனவர். ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு பஸ் ஓட்டுநரானவர். "பகல் முழுக்கக் கண்ணாடி கழுவிப்போட்டு, பின்னேரம் கண்ணாடி வாங்கப் போன ஆள்" என்று அக்கா இன்றைக்கும் பகிடி பண்ணுவாள். அந்த நாட்டிலே பாடசாலைகளின் வாத்தியக் குழுக்களுக்குப் பணம் சேர்ப்பதற்காக, அயலவர்கள் கொடுக்கும் பழைய பொருட்களைப் பாடசாலை மண்டபத்திலே பரப்பி விற்கும் சந்தைகள் உண்டு. பிள்ளைகளின் சப்பாத்தும் பழைய புத்தகமும் வாங்கப் போனவரின் கண்ணில் ஒருநாள் கறிக்கோப்பைகளுக்கு நடுவே ஒரு சிறு கண்ணாடிச் சிற்பம் பட்டது. ஒரு கோப்பிக் காசுக்கு வாங்கினார். அடியில் எழுத்திருப்பதை வீட்டுக்கு வந்துதான் கண்டார். அந்த எழுத்தைப் படிக்கத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. முப்பதுக்குக் கிட்டத்தட்டச் சேர்த்துவிட்டார்.

"வித்தால் காசு வருமோ?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி அப்படித்தான் போகும்.

"சிலதுக்கு வரும். நான் விக்கிறதுக்கு வாங்கேல்லை. ஒரு பாக்கோடை போன நாட்டிலை, எங்கையிருந்து வந்தது எண்டு சொல்லக்கூடிய சாமான் நாலு வீட்டிலை கிடந்தால் ஒரு ஆறுதல்."

இந்தப் பெயரெழுதும் வழக்கம் எப்படி வந்தது? சுவீடனின் தெற்கே ஸ்மோலாண்ட் என்றொரு பிரதேசம் இருக்கின்றது. காடும் ஏரியும் கல் நிறைந்த நிலமும் உள்ள இடம். விவசாயம் பெரிதாக விளையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பல்லாயிரம் பேர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய மண் அது. காடும் குளமும் புலம்பெயர்வும் என்றவுடன் வன்னியில் இருப்பவனுக்கு அந்த ஊர் தூரமாகத் தெரியாது. காடு இருந்தபடியால் விறகு இருந்தது. விறகு இருந்தபடியால் உலை மூட்ட முடிந்தது. 1742இல் கொஸ்தா என்ற கண்ணாடித் தொழிற்சாலை அங்கே எழுந்தது. அதைத் தொடக்கிய கொஸ்குல், ஸ்தால் வொன் ஹொல்ஸ்தைன் என்ற இரு தளபதிகளின் பெயர்களின் முதலெழுத்துக்களை ஒட்டித்தான் கொஸ்தா என்ற பெயரே உண்டானது. ஆக, தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் உடைமையாளர்கள். உலையடியில் நின்றவர்களுக்குப் பெயர் இருக்கவில்லை.

அந்த உலையடியைப் பற்றி அத்தான் சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாலையில் வேலை முடிந்த பின்னும் கண்ணாடி உலை ஆறாது. அதன் சூட்டைத் தேடி அயலவர்களும் ஊரூராய்த் திரியும் வீடற்ற மனிதர்களும் வருவார்கள். உப்பிட்ட மீனை அந்தச் சூட்டிலே வாட்டி, உருளைக்கிழங்கோடு உண்டு, கதை சொல்லி, அங்கேயே படுத்தெழும்புவார்கள். கண்ணாடிக் குடிலின் மீன் என்று அந்த உணவுக்குப் பெயர். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குக் காசுக்கு அதைப் பரிமாறுகிறார்களாம். அடுப்புச் சூட்டுக்கும் கதைக்கும் உள்ள உறவு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

ஓரெபோர்ஸில் கண்ணாடித் தொழில் தொடங்கியது 1898இல். முதலில் மைப்போத்தலும் சாதாரணக் குவளைகளும் போன்ற பொருட்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஆலைப் பொருட்கள் அழகற்றுப் போகின்றன, கலைஞர்களை ஆலைக்குள் அழைக்கவேண்டும் என்ற எண்ணம் சுவீடனில் வலுத்தது. கிரேகோர் பவுல்சன் என்பவர் 1919இல் அன்றாடப் பொருட்களை அழகாக்குவது பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். அந்தக் காற்றிலேதான் 1916இல் சீமோன் காத்தே என்ற ஓவியரும், 1917இல் எட்வார்ட் ஹால்ட்டும் ஓரெபோர்ஸுக்கு வந்தார்கள். ஹால்ட் பாரிஸிலே மத்தீஸ் என்ற பெரிய ஓவியரிடம் படித்தவர். இருவருக்கும் கண்ணாடி தெரியாது. கண்ணாடி தெரிந்தவர் குனூத் பேர்க்விஸ்ட் என்ற ஊதுகலைஞர். 1916இல் காத்தேயும் பேர்க்விஸ்டும் சேர்ந்து கண்டுபிடித்த முறைதான் கிரால்.

அந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஊதுகுழலின் நுனியிலே உருகிய கண்ணாடியை எடுத்து, அதன்மேல் நிறக்கண்ணாடியைப் போர்த்தி, தடித்த சிறு குமிழொன்றை ஊதுகிறார்கள். அதை ஆறவிடுகிறார்கள். ஆறிய குமிழின் நிறப்படையை வெட்டியும் அரித்தும் மீனையும் பாசியையும் உருவாக்குகிறார்கள். பிறகு குமிழை மெல்ல மெல்லச் சூடாக்கி, மறுபடியும் குழலில் ஒட்டி, மேலே தெளிந்த கண்ணாடியைத் தடிப்பாகப் போர்த்தி, இறுதி வடிவத்துக்கு ஊதுகிறார்கள். சிறு மீன் அந்த ஊதலிலே பெருக்கிறது. வெட்டிய கூர் மழுங்கி உயிருள்ள வளைவாகிறது. எந்த இடத்திலும் பிழைக்கலாம். சூடு கூடினால் உருவம் கரையும், குறைந்தால் வெடிக்கும். 1937 அளவில் இதன் தம்பியாக ஏரியல் என்ற முறை வந்தது. வெட்டிய பள்ளங்களுக்குள்ளே காற்றைச் சிறைப்பிடித்து, காற்றாலேயே சித்திரம் வரையும் முறை அது. ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் வரும் காற்றுத் தேவதையின் பெயரை அதற்கு இட்டார்கள். ஹால்ட்டின் மீன் கலங்களும் 1930களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் செய்யப்பட்டவை. அத்தானின் மீன் அவற்றுள் ஒன்று.

இப்போது ஒரு கேள்வி. அந்தக் கலத்தின் அடியில் ஹால்ட்டின் பெயர் இருக்கின்றது. ஊதியவர் பெயர் எங்கே? உலையடியிலே ஐந்தாறு பேர் கொண்ட குழு வேலை செய்யும். ஒருவர் கண்ணாடி எடுப்பார், ஒருவர் ஊதுவார், ஒருவர் கதவைத் திறப்பார், ஒருவர் ஆற்றும் உலைக்கு ஓடுவார். தலைமைக் கலைஞர் இருக்கையிலே அமர்ந்து குழலை உருட்டியபடி வடிவம் கொடுப்பார். ஹால்ட் கோடு வரைந்தவர், வெந்தவர்கள் மற்றவர்கள். இதை நான் கொஞ்சம் காரமாகச் சொன்னபோது அத்தான் மறுத்தார். வரைந்தவனின் கண் இல்லாவிட்டால் வெந்தவர்கள் இன்னொரு மைப்போத்தல்தான் செய்திருப்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை.

ஒப்பாதவர்கள் அங்கேயும் இருந்தார்கள். 1962இல் அமெரிக்காவின் தொலீடோ நகரில் ஹார்வி லிற்றில்டன் என்பவர் சிறிய உலையொன்றை மூட்டி, தொழிற்சாலை இல்லாமல் ஒரு கலைஞன் தானே கண்ணாடி உருக்கி ஊதலாம் என்று காட்டினார். சுவீடனில் 1968இல் ஓசா பிராண்ட் என்ற பெண் தொர்ஷெல்லா என்ற ஊரிலே தனக்கென உலை வைத்தார். வரைந்த கையும் ஊதிய கையும் ஒன்றாயின. அதற்குப் பிறகுதான் இன்றைய கண்ணாடிச் சிற்பம் என்று சேகரிப்போர் தேடும் துறை விரிந்தது. தொழிற்சாலைக்குள் இருந்துகொண்டே புதுமை செய்தவரும் உண்டு. பேர்த்தில் வல்லியேன் என்பவர் ஈர மணலிலே அச்செடுத்து, அதற்குள் உருகிய கண்ணாடியை அகப்பையால் வார்த்து, நீண்ட தோணிகளைச் செய்தார். மணல் பட்ட வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்கும். மேற்பரப்பின் வழியே பார்த்தால் உள்ளே சிறு மனித உருவங்களும் ஏணிகளும் வீடுகளும் தெரியும். பெரிய வார்ப்பை அவசரமாக ஆறவிட்டால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி வெடித்துவிடும். ஆதலால் நாட்கணக்காக, சிலவேளை வாரக்கணக்காக, உலைக்குள் வைத்து ஆற்றுவார்கள். அத்தானால் அவற்றை வாங்க முடியாது. வெக்ஸ்யோ நகரத்திலுள்ள ஸ்மோலாண்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கென்றே பெரிய பகுதி உண்டு. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடல் கடந்து வந்தவர் ஒருவர் கண்ணாடித் தோணிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

சேகரிப்பவர் அடியைப் பார்ப்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஒட்டிய கடதாசிச் சீட்டு நாளடைவில் விழுந்துவிடும். கீறிய எழுத்து நிற்கும். கொஸ்தாவிலே விக்கே லிண்ட்ஸ்ராண்ட் 1950 முதல் பணியாற்றிய காலத்துப் பொருட்களில் எழுத்துக் குறிகளும் இலக்கங்களும் உண்டு. முதலெழுத்து அவர் பெயரையும் அடுத்தது வேலையின் வகையையும் சொல்லும். இலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டால் உருப்படியைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எழுத்தைப் பின்னாளில் எவரும் கீறலாம் அல்லவா? ஆதலால் அத்தான் அடியிலுள்ள தேய்மானத்தையும் பார்ப்பார். ஐம்பது அறுபது வருடம் மேசையிலும் அலுமாரியிலும் இருந்த கண்ணாடியின் அடியில் எல்லாத் திசையிலும் நுண்ணிய கீறல்கள் விழுந்திருக்கும். ஒரே திசையில் ஒரே அளவாகக் கீறல் இருந்தால் ஐயுற வேண்டும். அவர் சொன்னதிலே எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்: எழுத்து அழிந்துவிட்ட நல்ல கண்ணாடியும் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் பற்றி எவராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஓரெபோர்ஸ் உலை 2013இல் அணைக்கப்பட்டது. பின்லாந்தில் 1793 முதல் இயங்கிய நூத்தயார்வி தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. அந்த மீன் பிறந்த உலையைப் போய்ப் பார்க்க இனி வழியில்லை. அடியிலுள்ள எழுத்துத்தான் மிச்சம்.

இனி என் மருமகளின் கேள்விக்கு வருகிறேன். மாந்தை மணியை ஆர் செய்தது?

மாதோட்டம் என்ற மாந்தை, வன்னிப் பெருநிலத்தின் மேற்குக் கரையிலே மன்னார்த் தீவுக்கு எதிரேயுள்ள பழைய துறைமுகம். திருக்கேதீச்சரம் கோயில் அந்தத் தொல்மேட்டிலேயே இருக்கின்றது. மேட்டைச் சுற்றி இரட்டை அகழி. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையிலே அங்கே அகழ்வாய்வு நடந்தது. சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாவின் மட்கலங்களும் மணிகளும் வெளிப்பட்டன. போர் மூண்டதால் 1984உடன் பணி நின்றது. அந்த ஆய்வின் முழு அறிக்கை நூலாக வந்தது 2013இல். இருபத்தொன்பது வருட இடைவெளி. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியிலும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கள ஆய்வு செய்து 1993இல் நூலெழுதினார். இந்தக் கரை முழுவதுமே பழைய கடல்வாணிபத்தின் கரைதான்.

இந்தச் சிறு மணிகளுக்கு இந்து-பசுபிக் மணிகள் என்று பெயரிட்டவர் பீற்றர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தொடங்கி, மாந்தை உட்படப் பல துறைமுகங்களில் இவை செய்யப்பட்டன என்பது அவருடைய கருத்து. ஆபிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்காசியா வரை இவை போயிருக்கின்றன. செய்முறையை அவர் அறிந்துகொண்டது ஏட்டிலிருந்தல்ல. ஆந்திரத்திலே பாப்பநாயுடுபேட்டை என்ற ஊரில் இருபதாம் நூற்றாண்டிலும் அதே முறையில் மணி செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து. நீண்ட இரும்புக் குழாயொன்றின் நுனியிலே பல கிலோ நிறையுள்ள கண்ணாடியைத் திரட்டி, உருட்டி, உள்ளே துளை விழும்படி கூம்பாக்கி, உலை வாய்க்குள் வைக்கிறார்கள். மறுபக்கத்தில் இருப்பவர் கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுக்கிறார். நூல்போல, ஆனால் நடுவே துளையோடு, கண்ணாடி வந்துகொண்டேயிருக்கும். மணிக்கணக்காக இழுப்பார்கள். அந்த மெல்லிய குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாதவாறு சாம்பலோடு கலந்து, சட்டியிலிட்டுச் சூட்டிலே கிளறுவார்கள். கூர்முனை மழுங்கி மணி உருண்டுவிடும். செங்கல் நிறம் செம்பினால் வருவது. ஆனால் உலைக்குள் காற்று அளவோடு இருக்கவேண்டும், கூடினால் சிவப்பு வராது, பச்சையும் நீலமுமாகிவிடும். கடுகு போன்ற ஒரு மணிக்குப் பின்னாலும் ஓரெபோர்ஸ் உலையடியில் நின்றதுபோல ஒரு குழுவே நின்றிருக்கிறது.

அவர்கள் பெயரெழுதவில்லை. எழுத இடமுமில்லை. எழுத்தறியாக் காலம் என்று மாத்திரம் எண்ணிவிடாதீர்கள். தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பட் என்றொரு மேடு உண்டு. அந்தப் பெயருக்கே மணிமேடு என்றுதான் பொருள். அங்கே அள்ள அள்ள மணி கிடைத்தது. ஊராரும் வியாபாரிகளும் கிண்டிக் கிண்டி மேட்டையே குலைத்துவிட்டார்கள். அங்கேதான் பொன்னுரைக்கும் சிறு கல்லொன்றும் கிடைத்தது. அதிலே தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கடல் கடந்து போன தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவன் தன் கருவியிலே தன் பெயரை எழுதி வைத்தான். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு மேலாகியும் அவன் பெயர் எங்களுக்குத் தெரிகிறது. பக்கத்திலே கிடந்த மணிகளைச் செய்தவன் பெயர் தெரியாது.

ஆனால் மணிக்கும் அடியெழுத்து உண்டு, நேயர்களே. அது மணியில் இல்லை. மணி கிடந்த மண்ணில் இருக்கிறது. எந்த மேட்டில், எந்தக் குழியில், எத்தனையடி ஆழத்தில், எந்த ஓட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பெயரும் இலக்கமும் ஆண்டும். பக்கத்தில் உலைச் சாம்பலும் உருகிய கழிவும் இருந்தால் செய்த இடம்; வீட்டுத் தரையில் கிடந்தால் அணிந்தவர் இடம்; தாழிக்குள் கிடந்தால் இறந்தவரோடு போனது. மண்ணிலிருந்து மணியை எடுத்த அடுத்த கணமே அந்த எழுத்து அழிந்துவிடுகிறது. இக்காலத்திலே கண்ணாடியின் மூலப்பொருட்களை நுட்பமாக அளந்து, தென்னிந்தியா இலங்கைப் பக்கத்து மணலில் உருக்கியதா என்று சொல்லிவிடுகிறார்கள். அலுமினியம் கூடிய சோடாக் கண்ணாடி இந்தப் பக்கத்துக்கு உரியது. மணல் எது என்று அந்தச் சோதனை சொல்லும். மணி எந்த வீட்டில் கிடந்தது என்று சொல்லாது.

அன்று விறாந்தையில் அத்தான் கேட்டது இதைத்தான்.

"தம்பி, உதை எங்கை எடுத்தனீ?"

"மாந்தையிலை."

"மாந்தை பெரிசெல்லே. மாந்தையிலை எந்த இடம்?"

என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் ஊர் மாந்தைக்கு அண்மையில். 1988ஆம் ஆண்டு மாரியிலே எனக்கு ஒன்பது வயது. மழை விட்ட மறுநாள் மேட்டிலே மண் கழுவுண்டு போன இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாய் மணிகள் கண் விழித்துக் கிடக்கும். சிறுவர்கள் நாங்கள் போட்டிபோட்டுப் பொறுக்குவோம். கிணற்றடியில் எடுத்ததும், அகழிக்கரையில் எடுத்ததும், ஆடு கிளறிய மண்ணில் எடுத்ததும் எல்லாம் ஒரே ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போயின. எண்ணிப் பார்த்து, கொப்பித் தாளொன்றில் 614 என்று எழுதிப் போத்தலில் ஒட்டியும் வைத்தேன். எத்தனை என்று எழுதத் தெரிந்த எனக்கு எங்கே என்று எழுதத் தோன்றவில்லை. நிலத்திலிருந்து வெளிப்படும் தொல்பொருளை எடுத்து வைத்துக்கொள்ளலாகாது, அறிவிக்கவேண்டும் என்பது 1940ஆம் ஆண்டிலிருந்தே நாட்டின் சட்டம். ஒன்பது வயதில் சட்டம் தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். பிறகு பட்டப்படிப்பு முடித்து, பிள்ளைகளுக்குப் பழைய துறைமுகங்களைப் பற்றிப் படிப்பித்த காலத்திலும் அந்தப் போத்தல் என் மேசையில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டிப் பெருமையும் பட்டிருக்கிறேன். அதற்கு என்ன சமாதானம்?

அந்தப் போத்தல் 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது எங்களோடு அக்கராயன் பக்கம் போனது, திரும்பியும் வந்தது. 2008 ஐப்பசியில் மறுபடியும் வெளிக்கிட வேண்டி வந்தபோது அதைக் கொண்டுபோக மனம் வரவில்லை. உடையும் சாமானை மடியில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. தையல் மெசினின் தலை, அம்மாவின் குத்துவிளக்கு, பொலித்தீனில் சுற்றிய என் புத்தகங்கள், ஹோர்லிக்ஸ் போத்தல் எல்லாவற்றையும் றங்குப்பெட்டிக்குள் வைத்து மாமரத்தடியில் தாட்டோம். பிறகு நடந்தவை வன்னியிலுள்ள எல்லாருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல வேண்டியதில்லை. 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பி, கண்ணிவெடிச் சோதனை முடிந்த பிறகு மண்வெட்டியைப் பிடித்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. மாமரம் நின்றது. பெட்டி கறள் பிடித்துச் சிதைந்து, வேர் அதற்குள்ளால் போயிருந்தது. புத்தகங்கள் களியாகியிருந்தன. குத்துவிளக்கு தப்பியது. போத்தல் உடைந்து, மணிகள் வளவு மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடந்தன. அம்மாவும் நானும் மா அரிக்கும் அரிதட்டாலே மூன்று நாள் மண்ணை அரித்தோம். 431 மணிகள் கிடைத்தன. மிச்சம் 183 மணிகள் இன்னும் அந்த மாமரத்தடியில்தான் கிடக்கின்றன. நாளைக்கு எவராவது ஆய்வாளர் எங்கள் வளவைத் தோண்டி, மாந்தை மணியைக் கண்டு, பழங்காலத்தில் கிளிநொச்சியிலும் ஒரு மணிச்சந்தை இருந்தது என்று எழுதிவிடக்கூடும்.

அத்தான் குடும்பம் திரும்பிப் போன பிறகு தொல்லியல் படித்த நண்பர் ஒருவரிடம் போத்தலைக் கொண்டுபோனேன். இனியாவது உரிய இடத்தில் ஒப்படைப்போம் என்றுதான். அவர் மணிகளை வெள்ளைத் தாளிலே கொட்டி நிறவாரியாகப் பிரித்தார், அழகு என்றார். பிறகு இரண்டு அட்டைகளை எடுத்துத் தந்து, மேற்பரப்பில் பொறுக்கியதற்கு ஒன்றும், பின்னர் மண்ணிலிருந்து மீட்டதற்கு ஒன்றுமாக, தெரிந்ததை மாத்திரம் எழுதித் தரச் சொன்னார். தெரியாததை அழகுக்காக நிரப்பவேண்டாம் என்றும் சொன்னார்.

முதல் அட்டையிலே கண்டெடுத்த இடம் என்பதற்கு நேரே 'மாந்தை' என்று எழுதினேன். ஆழம் என்பதற்கு நேரே கோடிட்டேன். அருகே கிடந்த பொருள் என்பதற்கும் கோடிட்டேன். இரண்டாவது அட்டையை எழுத எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது: கிளிநொச்சி, எங்கள் வீட்டு வளவு, மாமரத்திலிருந்து கிழக்கே நான்கடி, இரண்டரையடி ஆழம், 2010 ஐப்பசி, அருகே கறள் பிடித்த இரும்புத் தகடு, போத்தல் ஓடுகள், ஒரு குத்துவிளக்கு.